சைக்கிள் இருக்கிறது, ஆளைக் காணோம்

1978. மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மனைவியிடம் "வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்புகிறார். இரவு வரை வரவில்லை. மறுநாள் தேடிப் போனவர்களுக்கு ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் அவருடைய பச்சை ஹெர்குலிஸ் கிடைக்கிறது. ஒழுங்காகப் பூட்டி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறார். வாடகை பத்துப் பைசா முன்கூட்டியே கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு நாளைக்கு.

இது உண்மைச் சம்பவம் இல்லை. இரண்டு வருடமாக நான் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கும் ஒரு குறுநாவலின் தொடக்கம். மொழியிலோ பாத்திரங்களிலோ சிக்கல் வரவில்லை. அவர் எங்கே போனார் என்பதை வாசகருக்கு எப்போது சொல்வது என்ற ஒரே இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. முதலிலேயே சொல்லிவிடலாம். கடைசி வரை மூடிவைக்கலாம். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் காட்டலாம். சொல்லாமலே விட்டுவிடலாம். கதை எழுதுகிறவர், குறும்படம் எடுக்கிறவர், பாட்காஸ்ட் தொடர் செய்கிறவர் யாராக இருந்தாலும் என்றாவது இந்த நாற்சந்தியில் நின்றுதான் ஆக வேண்டும். நான் நின்ற நேரம் கொஞ்சம் அதிகம். நான்கு தெருவிலும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எவ்வளவு மறைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விடை யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நான்குக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது.

முதலிலேயே சொல்லிவிடுவது

இங்கே விடை வாசகர் கையில். கதைக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-ல் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் சொன்ன மேஜை வெடிகுண்டு சினிமாக்காரர்களுக்கு மனப்பாடம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு வைத்ததை முன்பே காட்டி, அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்றும் சொல்லி, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால் என்று காட்டிவிட்டால், அதே அசட்டுப் பேச்சை 15 நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பார். "பேசினது போதும், கீழே குனிஞ்சு பாருங்கய்யா" என்று கத்தத் தோன்றும்.

நம் தெருக்கூத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், சூதாட்டத்தில் தருமன் தோற்பான் என்று தெரியாதவர் ஒருவரும் கிடையாது. தெரிந்துதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். சகுனி பகடையை உருட்டும்போது "எழுந்து போயிடுப்பா" என்று முணுமுணுத்த ஒரு கிழவியின் பக்கத்தில் சின்ன வயதில் உட்கார்ந்திருக்கிறேன். நமக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவள் கவலை.

2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் பன்னிரண்டு சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது வாசகர்களின் ரசனை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. பிறகு வேறு சிலர் செய்த ஆய்வில் நேர்மாறான முடிவும் வந்தது. அதனால் இதை வைத்துக் கட்சி கட்ட வேண்டாம். முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் இன்னொரு சாமர்த்தியம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது போலக் காட்டி ஒன்றை மட்டும் கைக்குள் வைத்துக்கொள்வது. 2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தில் யார் கொன்றது, எப்படி என்பதெல்லாம் நம் கண் முன்னால் நடக்கிறது. போலீஸ் விழிக்கிறது, நாம் குடும்பத்தோடு சேர்ந்து நடுங்குகிறோம். பிணம் இப்போது எங்கே என்பது மட்டும் கடைசி நிமிடம் வரை நமக்கும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் நாம் என்ற மிதப்பிலேயே இருப்பதால், நமக்குத் தெரியாதது ஒன்று பாக்கி இருக்கிறது என்பதே உறைப்பதில்லை.

என் முதல் படியை இப்படித்தான் எழுதினேன். முதல் பக்கத்திலேயே குமாஸ்தா பாசஞ்சரில் ஏறிவிடுகிறார். அப்புறம் வீடு. மனைவி ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருக்கிறாள். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து திண்ணைக்கு வருகிறாள். முப்பது பக்கம் வரை நன்றாகவே போயிற்று. ஆனால் ரயிலில் ஏறியவரைப் பார்த்துவிட்ட வாசகர் அவரைச் சும்மா விடுவதில்லை. ஏன் போனான் என்று கேட்கத் தொடங்குகிறார். காரணம் எதைச் சொன்னாலும் மனிதர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்.

என் கதைகளுக்கு முதல் வாசகர் என் அத்தை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கத்தரித்து பைண்டு செய்து பீரோவில் அடுக்கிவைத்த தலைமுறை. 'தொடரும்' என்ற ஒரு சொல்லுக்காக வாரம் ஏழு நாளும் காத்திருந்தவர். முதல் படியைப் படித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "பாவி."

கடைசி வரை மூடிவைப்பது

விடை ஆசிரியர் கையில். பெரும்பாலானோர் மர்மம் என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு. நீ ஒளித்துவை, ஆனால் ஏமாற்றாதே என்பது வாசகர் போடும் நிபந்தனை. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் அதை எழுதியே வைத்துவிட்டார், பத்துக் கட்டளைகளாக. குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும், இப்படி. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1926-ல், அகதா கிறிஸ்டி கதை சொல்பவரையே கொலையாளியாக்கி ஒரு நாவல் எழுதி, இது நியாயமா என்று பெரிய சண்டை கிளம்பியிருந்தது. என்னைக் கேட்டால் நியாயம்தான். திரும்பப் படித்துப் பார்த்தால் அந்த ஆள் பொய் சொன்னதே இல்லை, சிலதைச் சொல்லாமல் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

தமிழில் இந்த வழிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1954-ல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம், அந்தக் காலத்தில். 1943 அக்டோபரில் சென்னை மீது நடந்த ஜப்பானியக் குண்டுவீச்சுதான் பின்னணி. வானொலிப் பொறியாளர் ஒருவர் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள். இறந்தவரோ சிவாஜி கணேசன். கதாநாயகனைக் கொன்றது யார் என்று தேடிக்கொண்டே போகும் நாம், கடைசியில் அவர் யார் என்பதைத் தெரிந்துகொள்கிறோம். கொலையாளி யார் என்ற விடை, செத்தவர் எதிரிக்கு உளவு சொன்னவர் என்ற இன்னொரு விடையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் அந்த மூடிவைப்பு வீண்போகவில்லை.

வீண்போகும் ஆபத்துதான் இந்த வழியில் பெரியது. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் நாற்பதுகளில் துப்பறியும் கதைகளைச் சாடி எழுதியபோது ஒரு உவமை சொன்னார். பெரிய மரப்பெட்டியில் அடைத்திருக்கும் மரச்சீவலை எல்லாம் வாயால் தின்று தீர்த்துவிட்டு, அடியில் பார்த்தால் துருப்பிடித்து வளைந்த நாலு ஆணி கிடப்பது போல இருக்கிறதாம். கொஞ்சம் அநியாயமான பேச்சு. ஆனால் என் இரண்டாவது படிக்கு அது சரியாகப் பொருந்தியது.

அதில் நூற்றுப்பத்து பக்கம் மூடிவைத்துவிட்டு, கடைசியில் குமாஸ்தாவுக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்ததைத் திறந்தேன். அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். காத்திருப்பு பெரிதாக இருந்தது, கிடைத்தது சின்னதாக இருந்தது. அதைவிட மோசம், நான் எழுதும்போதே உணர்ந்த ஒரு விஷயம். விடையை ஒளித்துவைத்த உடனே கதையில் இருக்கும் எல்லாப் பொருளும் தடயமாக மாறிவிடுகிறது. இரண்டு இட்லி ஏன், வழக்கமாக நாலு தானே? மனைவி ஏன் அழவில்லை? அவள் அழாதது அவளுடைய குணம். ஆனால் வாசகர் அவளைச் சந்தேகப்படுகிறாரே தவிர அவள் பக்கத்தில் வந்து உட்கார்வதில்லை. எனக்கு அவள் பக்கத்தில் உட்காரும் வாசகர்தான் வேண்டியிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது

1975-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜாஸ்' இந்த வழியின் பாடப்புத்தகம். இயந்திரச் சுறாவைக் கடலில் இறக்கினால் உப்புத் தண்ணீர் அதைப் படுத்தியெடுத்துவிட்டது. சுறா வேலை செய்யாத நாட்களில் வெறும் தண்ணீரையும், மிதக்கும் மஞ்சள் பீப்பாயையும், இரண்டு சுர இசையையும் வைத்தே சமாளித்தார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் சுறா முழுசாகத் தலைகாட்டுவது ஒரு மணி இருபது நிமிடம் தாண்டித்தான். கோளாறு கைகொடுத்தது. நம் பாட்டிமார் சொன்ன பேய்க் கதைகளில் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்குமே, அதே சரக்கு.

என் கதைக்கு இது கிட்டத்தட்ட பொருந்திவந்தது. காணாமல் போன மனிதரைப் பற்றி நம் ஊரில் யாராவது ஒருவர் "திருவண்ணாமலையில பார்த்தேன், தாடி வச்சிருந்தார்" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். இன்னொருவர் விழுப்புரம் பிளாட்பாரத்தில் டீ குடிக்கப் பார்த்திருப்பார். மூன்றாமவர் காசி. வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் கடன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். இதை எல்லாம் எழுதினேன், நன்றாக வந்தது, வைத்துக்கொண்டேன். ஆனால் இது தனி வழி ஆகாது. காட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் முழுசாகக் காட்டு என்பார்கள். ஒன்று காட்டி இரண்டாவது வழியில் போய்ச் சேர வேண்டும், அல்லது காட்டாமல் நான்காவதில்.

சொல்லாமலே விடுவது

விடை யார் கையிலும் இல்லை. அல்லது வாய் பேச முடியாத ஒன்றின் கையில் இருக்கிறது.

குறுந்தொகை 25-ஆம் பாட்டு, கபிலருடையது. தலைவி பேசுகிறாள். தலைவன் தன்னை மணந்தபோது வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் ஒருவன்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் ஞாபகம் வந்தவள் போலச் சொல்கிறாள், "குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே". தினைத்தாள் போன்ற பசுங்காலோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு குருகு. ஒரே சாட்சி அது. அதுவும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என்ன சொல்லி வாக்குக் கொடுத்தான், திரும்பி வந்தானா, அவன் பெயர் என்ன, எதுவும் நமக்குத் தெரியாது. அகப்பாட்டில் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. ஐந்து அடியில் முடிந்துபோகிற இந்தப் பாட்டில் அந்தக் குருகைத் தாண்டி என்னால் போக முடிந்ததே இல்லை.

பெரிய கதைகளிலும் இது நடந்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தபோது, ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் சாகும் இடத்தில் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். கொன்றது நான்தான் என்று சொல்பவர் இருக்கிறார், பழி சுமந்து சிறைக்குப் போகிறவர் இருக்கிறார், அறையில் யார் யாரோ இருந்தார்கள். கொன்றது இந்தக் கைதான் என்று அடித்துச் சொல்லும் வரி கிடையாது. தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்விமேல் கேள்வி கேட்க, கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வரலாற்றில் யார் என்பதற்கு விடை கல்லிலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் தொடக்க ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்து பறிமுதலான விவரத்தையும் சொல்கிறது. ஆனாலும் டீக்கடையிலிருந்து யூடியூப் வரை சண்டை ஓயவில்லையே, ஏன்? கல்வெட்டு யார் என்று சொன்னது. எதற்காக, யார் தூண்டி என்று சொல்லவில்லை. ஆளின் பெயர் கிடைத்தும் தீராத கேள்விதான் நீடித்து நிற்கிறது. இதை என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கோடு போட்டு எழுதிவைத்தேன்.

சொல்லாமல் விட்டதற்கும் சொல்லிவிட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே கதையில் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். ஜோன் லிண்ட்சே 1967-ல் எழுதிய 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்'. விக்டோரியா மாநிலத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு எரிமலைப் பாறைக்குன்று. 1900 பிப்ரவரி 14 அன்று பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து மாணவிகள் சுற்றுலா வருகிறார்கள். கைக்கடிகாரங்கள் பன்னிரண்டு மணிக்கு நின்றுவிடுகின்றன. சில பெண்கள் பாறை மேல் ஏறுகிறார்கள். இரண்டு மாணவிகளும் ஒரு ஆசிரியையும் திரும்பவே இல்லை. மூன்றாவது மாணவி ஒரு வாரம் கழித்து உயிரோடு கிடைக்கிறாள், ஆனால் அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவ்வளவுதான். மீதி நாவல் முழுக்க, அந்தக் காணாமற்போதல் பள்ளியையும் ஊரையும் எப்படி உள்ளிருந்து அரிக்கிறது என்பதுதான்.

இது நடந்ததா இல்லையா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும் என்று லிண்ட்சே முன்பக்கத்திலேயே பொடி வைத்துவிட்டார். ஜனங்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேடினார்கள். நாவலில் அந்த நாள் சனிக்கிழமை. நாட்காட்டியில் 1900 பிப்ரவரி 14 புதன்கிழமை. கற்பனைதான் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் இன்றைக்கும் அந்தக் குன்றில் நின்று, திரும்பி வராத மாணவி ஒருத்தியின் பெயரைச் சொல்லி "மிராண்டா" என்று கூப்பிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் யாருக்கும் முதலில் தெரியாத விஷயம், லிண்ட்சே விடையை எழுதியிருந்தார் என்பது. பதினெட்டாவது அத்தியாயம். பதிப்பகத்து ஆசிரியர் அதை எடுத்துவிடலாம் என்று சொல்ல, அவர் ஒத்துக்கொண்டார். அவர் 1984-ல் காலமான பிறகு, 1987-ல் அந்த அத்தியாயம் தனிப் புத்தகமாக வந்தது. படித்தேன். பெண்கள் உள்ளாடையான இறுக்குக் கச்சைகளைக் கழற்றிப் பாறையிலிருந்து வீசுகிறார்கள், அவை விழாமல் அந்தரத்தில் நிற்கின்றன. காலம் ஓடாமல் கிடக்கிறது. உருமாறி ஒரு துளைக்குள் நுழைந்து போகிறார்கள். ஒருத்தி நுழைவதற்குள் பாறை சரிந்து வழியை அடைத்துவிடுகிறது. மோசமான எழுத்து என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் படித்த பிறகு அந்தக் குன்று எனக்குச் சிறுத்துவிட்டது. அது வரை அங்கே எதுவும் நடந்திருக்கலாம். அதன் பிறகு ஒன்றுதான் நடந்தது.

அந்தப் பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலுக்கு ஒரு கும்பிடு. அதே நேரம், லிண்ட்சே அந்த அத்தியாயத்தை எழுதாமலே இருந்திருந்தால் மற்ற பதினேழு அத்தியாயமும் இவ்வளவு திடமாக வந்திருக்குமா என்பது என் சந்தேகம். நின்றுபோன கடிகாரத்துக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வாசகரிடம் கணக்கைக் காட்டவில்லை, கடிகாரத்தை மட்டும் காட்டினார். விடை தெரியாமல் பூடகமாக எழுதுகிறவருக்கும், தெரிந்து மூடுகிறவருக்கும் வித்தியாசம் வாசகருக்கு எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது. முந்தையவரைத்தான் "முடிக்கத் தெரியாம விட்டுட்டான்" என்கிறார்கள்.

என் கொள்கையை உடைக்கிற ஒரு உதாரணமும் இருக்கிறது, மறைப்பது நியாயமில்லை. ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' நாவலை 1946-ல் வந்த படமாக எடுத்துக்கொண்டிருந்தபோது, கதையில் செத்துப்போகும் கார் டிரைவர் கொல்லப்பட்டானா தற்கொலை செய்துகொண்டானா என்று படப்பிடிப்பில் வாக்குவாதம். சாண்ட்லருக்கே தந்தி கொடுத்துக் கேட்டார்கள். எழுதியவருக்கும் தெரியவில்லை. நாவலும் படமும் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வாசகர் மனசு வேறு இடத்தில் இருக்கும்போது, ஓரமாக ஒரு முடிச்சு அவிழாமல் கிடந்தாலும் காலில் தட்டுவதில்லை போலும்.

'அந்த நாள்' படத்தோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) கடைசி வரை திறந்தே கிடக்கிறது. ஒரு சாமுராயின் சாவைப் பற்றி நாலு வாக்குமூலம், செத்தவனின் ஆவி சொல்வது உட்பட. நாலும் ஒத்துப்போகவில்லை. ஒன்று மூடியது, ஒன்று திறந்து விட்டது. எது பெரிய படம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு முக்கியமாகப் பட்டது. 'அந்த நாள்' போர்க்காலத்தில் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் கதை. அதில் உண்மை யாரிடமோ இருக்கிறது, அதை வெளியே கொண்டுவந்தாக வேண்டும். எல்லார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை என்று அதை முடித்திருந்தால் அயோக்கியத்தனமாக இருந்திருக்கும்.

போனவர், ஆக்கப்பட்டவர்

இந்த இடத்தில்தான் நான் எழுத உட்காராமல் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். மர்மத்தின் வசீகரம் என்று இவ்வளவு பேசுகிறோம். நிஜ வாழ்க்கையில் தெரியாமல் இருப்பது வசீகரமா?

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுபதுகளில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி, இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். செத்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று இருக்கவும் முடியாது. நம் சட்டத்திலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. என் குமாஸ்தா காலத்தில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவுப்படி (2024-ல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்த விதி நீடிக்கிறது), ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஏழாவது வருடம் முடிகிற அன்று ஒரு மனைவி நெற்றிப் பொட்டை என்ன செய்வாள் என்பது அந்தப் பிரிவில் இல்லை.

தமிழில் 'காணாமல் போனவர்' என்றும் சொல்கிறோம், 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்றும் சொல்கிறோம். பின்னதை ஈழத்துத் தாய்மார் நமக்குப் பழக்கினார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள், படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கே? அங்கே விடை யாருக்கும் தெரியாத ஒன்றில்லை. யாருக்கோ தெரியும், சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையைக் கதையாக்கி, முடிவை மூடுபனியில் விட்டுவிட்டு, அதைக் கலை நயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வராது.

பட்டிமன்றங்களில் தேய்த்து எடுத்த உதாரணம்தான், ஆனாலும் இங்கே வேறு பொருள் கொடுக்கிறது. கம்பனின் அனுமன் இலங்கையிலிருந்து திரும்பி வந்து "கண்டனென், கற்பினுக்கு அணியை, கண்களால்" என்று தொடங்குகிறான். சீதை என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் வருவதற்குள் ராமன் துடித்துப்போவான் என்று, கண்டேன் என்பதை முன்னால் போட்டான். கேட்டுக்கொண்டிருப்பவன் கதை ரசிகன் இல்லை, பெண்டாட்டியைத் தொலைத்தவன். அவனிடம் சஸ்பென்ஸ் வைப்பது பாவம் என்று குரங்குக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் என் குமாஸ்தா

அவர் போனவர், ஆக்கப்பட்டவர் இல்லை. விடையைப் பிடித்து வைத்துக்கொண்டு யாரும் அவர் மனைவியை வதைக்கவில்லை. அதனால் நான்காவது வழி எனக்குத் திறந்திருந்தது. ஆனால் அதில் நேராகப் போகவில்லை.

மூன்றாவது படியின் முதல் வரி, "அவர் திரும்பி வரவில்லை." வருவாரா மாட்டாரா என்ற விளையாட்டை வாசகரிடமிருந்து அங்கேயே வாங்கிக்கொண்டேன். மனைவி திண்ணைக்கு எழுந்து வரும்போது, கூத்துத் திடலில் இருந்த கிழவி போல வாசகர் "உட்காரும்மா" என்று சொல்லட்டும். எந்த வண்டியில் ஏறினார், எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினார் என்பதை ஐந்தாவது பக்கத்திலேயே டிக்கெட் கொடுத்தவர் சொல்லிவிடுகிறார். அதில் ஒரு புதிரும் வைக்கவில்லை. திருவண்ணாமலை, விழுப்புரம், காசி மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஏழு வருடம் கழித்து வக்கீல் ஆபீஸில் ஒரு காட்சி. ஏன் போனார் என்பது மட்டும் கதையில் கிடையாது.

அந்த ஏன் என்பதைப் பதினோரு பக்கத்துக்கு எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்த அன்று எனக்கே அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பிறகு அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்துத் தனி உறையில் போட்டுவிட்டேன். எடுத்த பிறகு மீதியில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு இட்லி அப்படியே இருந்தது. பத்துப் பைசாவும் இருந்தது.

கோபித்துக்கொள்ளும் வாசகர்கள் வருவார்கள், தெரியும். உதவி ஆசிரியராக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு, "சார், கடைசியில ஒரு லெட்டராவது வரக்கூடாதா?" என்று கேட்டார். வரலாம்தான். கடிதம் வந்தால் மனைவி அதைப் படிப்பாள், அதோடு ஏழு வருடமும் அந்த ஒரு தாளுக்குள் மடிந்துபோகும்.

அத்தை இந்த முறை இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் கூப்பிட்டார். அவர் எங்கேடா போனார் என்று கேட்பார், பதில் சொல்லக் கூடாது என்று தயாராகத்தான் போனேன்.

"ஏண்டா, அந்தச் சைக்கிளை இப்ப யாரு வச்சிருக்கா?"

வக்கீல் ஆபீஸ் காட்சிக்குப் பிறகு சைக்கிளை நான் மறந்தே போயிருந்தேன். சாண்ட்லருக்கு வந்த தந்திதான் ஞாபகம் வந்தது. எனக்கும் தெரியவில்லை என்றேன்.